எழுபது வளைவு, நூறு பாட்டு

கேள்வி: ஷேக்ஸ்பியர் 154 சானெட்டுகள் எழுதினாராம். தமிழில் அப்படி ஒரே அச்சில் வார்த்த பாட்டு வரிசை உண்டா?
– வாசகி, சேந்தமங்கலம்

பதில்: உள்ளூர்ச் சரக்கை வைத்துக்கொண்டு லண்டனில் தேடுகிறீர்களே! காரவள்ளி வழியாகப் பஸ் ஏறி, 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டுங்கள். தலைசுற்றல் நின்றதும் கொல்லிமலை அறப்பளீசுவரரைக் கும்பிடுங்கள். அவரை முன்னிறுத்தி அம்பலவாணக் கவிராயர் பாடியதுதான் அறப்பளீசுர சதகம். சதகம் என்றால் நூறு.

சானெட்டுக்கு 14 வரி. ஓசை ஒத்து வரும் இயைபு வரிக் கடைசியில். அதாவது வாலில். சதகப் பாட்டு விருத்தம் என்ற வகை; அதற்கு நான்கே அடி, ஆனால் ரயில் பெட்டி மாதிரி நீளம், எதுகை தலையில். முதல் அடி ‘மலை’ என்று தொடங்கினால் அடுத்தவை ‘கலை’, ‘நிலை’, ‘விலை’ என்று வர வேண்டும். இரண்டாம் எழுத்து தப்பினால் புலவர் தப்ப முடியாது!

சானெட்டின் நடுவிலோ கடைசியிலோ கருத்து ஒரு திருப்பம் திரும்பும். சதகத்தில் நல்ல மனைவி, மக்கள், ஆசிரியர், சகுனம் என்று பேச்சு எங்கே சுற்றினாலும் ஒவ்வொரு பாட்டும் அறப்பளீசுரரை விளித்தே முடியும். கூடவே புரவலர் மதவேள் பெயரும் வந்துவிடும். இன்றைய ஸ்பான்சர்களுக்குக்கூட இந்தக் கொடுப்பினை இல்லை.

ஒரு வேண்டுகோள்: வாய்விட்டுப் படியுங்கள். மனசுக்குள் படித்தால் விருத்தம் தூங்கிவிடும்.