மெக்கானிக்கல் ரெப்

திருச்சி தில்லைநகரில், மதியம் 2 மணி வெயிலில் டை கட்டிக்கொண்டு ஒருவர் பைக்கை நிறுத்த நிழல் தேடினால், அவர் மெடிக்கல் ரெப். இறங்கியதும் பக்கத்து வண்டியின் செயின் தொங்குவதைக் குனிந்து பார்த்து உச்சுக்கொட்டினால், அவர் முன்னாள் மெக்கானிக்கல் இன்ஜினீயர்.

இந்த ரகம் இங்கே விளையக் காரணம் உண்டு. பெல் நிறுவனத்துக்குப் பாய்லர் பாகங்கள் செய்துகொடுத்த துவாக்குடிப் பட்டறைகள், அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்ததும் முதலில் ஷிப்டைக் குறைத்தன, அப்புறம் ஆளை. மருந்து கம்பெனிகளோ 'ஏதேனும் ஒரு பட்டம், சொந்தமாக டூவீலர்' என்று கேட்டன. இவரிடம் இரண்டும் இருந்தன. டூவீலருக்குத் தவணை பாக்கி.

பயிற்சி வகுப்பில் ரத்த அழுத்தப் பாடம் வந்தபோது இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பம்பு, குழாய், வால்வு: எல்லாம் பழகிய சரக்கு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் தன்னை அரியர் வைக்கவைத்த புவாசெய், பாதரசக் குழாயைக் கொண்டு 1828-லேயே ரத்த அழுத்தத்தை அளந்த பிரெஞ்சு டாக்டர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முதல் விசிட்டிலேயே, "குழாயோட ஆரம் பாதியானா ஓட்டம் பதினாறுல ஒரு பங்காயிடும் டாக்டர்" என்று ஆரம்பித்தார். டாக்டர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சாம்பிள் வச்சிருக்கீங்களா?" என்றார்.

டாக்டரைப் பார்ப்பது அரை நிமிட வேலை. காத்திருப்பதுதான் உத்தியோகம். 'ரெப்கள்: 2 முதல் 2.30 வரை. ஐந்து பேர் மட்டும்' என்று கதவில் அட்டை தொங்கும்; ஆறாவது ஆளாக வந்தவரின் கதி டோக்கன் கொடுக்கும் அக்கா கையில். அவர் மகனுக்கு எந்தக் கல்லூரியில் மெக்கானிக்கல் எடுக்கலாம் என்று கேட்டதற்கு, "எதுலயும் வேண்டாங்கா" என்று இவர் மனசாரச் சொன்னதிலிருந்து, வரிசையில் இவருக்கு ஓர் இடம் நிச்சயம். பக்கத்து நாற்காலிப் பாட்டி, "டை கட்டிட்டு வந்திருக்கியே, கழுத்துல வலியா தம்பி?" என்பார். இந்த வெயிலில், அதுவும் உண்மைதான்.

பேச்சிலும் கட்டுப்பாடு வந்துவிட்டது. மத்திய அரசின் 2024 நெறிமுறைப்படி, நிபந்தனை சொல்லாமல் ஒரு மருந்தைப் 'பாதுகாப்பானது' எனக் கூடாது. சந்தைக்கு வந்து ஓராண்டு தாண்டியதைப் 'புதியது' எனக் கூடாது. டாக்டருக்குச் சொந்த உபயோகத்துக்குப் பரிசு கூடாது. ஒரு மருந்தில் ஒரு டாக்டருக்கு ஆண்டுக்கு 12 சாம்பிள் பாக்கெட்தான். இந்த நெறிமுறை இவருடைய அத்தைக்கு மட்டும் எட்டவில்லை. மூட்டுவலிக்கு ஓர் அட்டை, மாமாவுக்குக் கேஸ் மாத்திரை, எதிர் வீட்டுக்கு ஒரு காலண்டர் என்று அவரது இண்டென்ட் நீள்கிறது.

உண்மையான படிப்பு மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நடக்கிறது. எந்த டாக்டர் எந்த பிராண்டை எழுதுகிறார் என்று கடையில் விசாரிப்பதற்கு ஆர்.சி.பி.ஏ. என்று பெயர். இரவு 9 மணிக்குக் கடைப் பையனோடு டீ குடித்துக்கொண்டே, "நம்ம டெல்மிசார்டன் போகுதா?" என்பார். "உங்க டாக்டர் சீட்டா? நாலு நாளா அடுத்த கம்பெனிதான் சார்." அன்று மதியம்தான் அதே டாக்டர் சிரித்த முகமாக, "எழுதிட்டுதானே இருக்கேன்" என்றிருந்தார். அந்தச் சிரிப்பை நம்பி டார்கெட் போட்ட சகாக்கள் பலர் இன்று இன்சூரன்ஸில் இருக்கிறார்கள். இவர் நம்புவதில்லை. பட்டறையில் வெல்டிங்கைச் சோதித்த கை. கோடுபோட்ட நோட்டில் டாக்டர், பிராண்டு, அட்டை எண்ணிக்கை என்று கட்டம் கட்டிக் குறித்துக்கொள்வார். 'ஏற்பு', 'நிராகரிப்பு' என்ற கடைசிக் கட்டத்தையும் பழக்கதோஷத்தில் விடவில்லை.

மாதக் கடைசியில் நோட்டு உதவாது. ஸ்டாக்கிஸ்ட் முன்னால் நின்று, "ஒரு பத்து பாக்ஸ் எடுத்துக்கங்கண்ணே, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று கெஞ்சவேண்டியதுதான். போன மாதமும் 'அடுத்த மாசம்' என்றது நினைவிருந்தாலும் அண்ணன் எடுத்துக்கொள்வார். மேனேஜரின் போன் அத்துடன் நிற்கும், 1-ஆம் தேதி காலை வரை.

அண்மையில் துவாக்குடியிலிருந்து ஜூனியர் ஒருவன் அழைத்தான். "அண்ணே, பட்டறையில சம்பளம் இழுக்குது. உங்க லைன்ல ஏதாச்சும் இருக்கா? எனக்கு மெடிசின் பத்தி ஒண்ணுமே தெரியாதே?"

"அது கிடக்கட்டும். பைக் என்ன மைலேஜ் தருது?"