தம்பிக்கு எந்த ஊரு?

தென் அமெரிக்காவில் கிராமத்து பஸ் ஏறி வந்தவர்கள் அதை ஒரு போர்க்கதையாகவே சொல்வார்கள். பொலிவியாவில் லா பாஸிலிருந்து கொரொய்கோவுக்கு இறங்கும் பழைய பாதைக்கு ‘மரணச் சாலை’ என்றே பெயர். 4,600 மீட்டருக்கும் மேலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டருக்கு இறங்குகிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம். மதுரைக்கு மேற்கே அந்த வசதியெல்லாம் கிடையாது. தரை பெரும்பாலும் தட்டை. விழுந்தால் பக்கத்து சீட்டுக்காரர் மடியில்தான் விழ வேண்டும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நாம் எழுந்து சட்டையைச் சரிசெய்வதற்குள் அவர் கேட்டுவிடுவார்: “தம்பிக்கு எந்த ஊரு?”

ஆரப்பாளையத்தில் ஏறினால் நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர் தாண்டி உசிலம்பட்டி. அங்கே எழுமலைக்கு வேறு வண்டி. இந்த இரண்டாவது வண்டியில்தான் விசாரணை சூடுபிடிக்கும். பஸ் நின்று முடிப்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, மஞ்சப்பை, ஒருமுறை ஒரு பூசணிக்காய் என்று உள்ளே பறந்து இடம் பிடித்துவிடும். பூசணிக்காய்க்கு அடுத்த இடம் எனக்கு. பூசணிக்காயின் சொந்தக்காரர் நிதானமாக வந்து, அதை மடியில் ஏற்றிக்கொண்டு, என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

“மதுரைங்க” என்றேன்.

“மதுரையில எங்கிட்டு?”

“கே.கே. நகர்.”

“அது இப்ப. பூர்வீகம்?”

படித்தவன் இங்கேதான் சாமர்த்தியம் காட்டப் பார்ப்பான். “அப்பா வேலை விஷயமா ஊர் ஊராப் போனவருங்க.” பெரியவர் அசரவில்லை. “அது சரி. குலசாமி எது?” நான் சாமி கும்பிடுவதில்லை என்றேன். “நீங்க கும்பிட வேணாம் தம்பி. உங்க அப்பாரு எந்தக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போவாரு?” இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட மரியாதைக் குறைவானதில்லை. சாதி என்ற சொல்லை அவர் வாயில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஊர், தெரு, சாமி, சம்பந்தம் என்று நாலு பக்கமும் வேலி கட்டிவிட்டால் நடுவில் நிற்பது எதுவென்று தானே தெரிந்துவிடும்.

பஸ்ஸுக்கு மட்டும் அந்த அக்கறை கிடையாது. யார் பக்கத்தில் யார் என்று பார்க்காமல் எல்லாரையும் போட்டு அமுக்கிக்கொண்டு போகும். அதனாலோ என்னவோ, ஒரு காலத்தில் பஸ்ஸுக்கே சாதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்று ராஜா பேரில் வண்டிகள் ஓடியவரை அமைதி. (பாண்டியர் யாருடைய ஆள் என்ற வழக்கு அப்போது இந்த அளவுக்குச் சூடாகவில்லை.) பிறகு மாவட்டத்துக்கு ஒரு தலைவர் பெயர் என்று ஆனது. 1997-இல் விருதுநகரில் ஒரு கழகத்துக்குப் பட்டியல் சாதியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்ததும் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களையும் ஒரேயடியாக இறக்கிவிட்டு, ‘தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்’ என்று எழுதிவைத்தது. தலைவர்கள் இறங்கிவிட்டார்கள், பெரியவர்கள் இறங்கவில்லை. எழுமலைப் பக்கம்தான் உத்தபுரம். 2008 மே மாதம் அங்கே ஊரை இரண்டாக்கி நின்ற சாதிச் சுவரில் ஒரு பகுதியை அரசு இடித்து வழிவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கத்து ஆளும் அந்தப் பக்கத்து ஆளும் அதற்கு முன்பும் பஸ்ஸில் இடித்துக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனதிலிருந்து கூட்டத்தின் குரலே மாறிவிட்டது. காசில்லாத டிக்கெட்டையும் விடாமல் கேட்டு வாங்கி, மடித்து, சுருக்குப் பையில் போடுகிற அப்பத்தாக்களை எனக்குப் பிடிக்கும். காசு கொடுக்கிற ஆண்கள்தான் வாயைத் திறக்காமல் நிற்கிறார்கள். நின்றுகொண்டிருந்த ஒரு பெண், “இந்தாங்கண்ணே, செத்த பிடிங்க” என்று கைக்குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஊரும் கேட்கவில்லை, சாமியும் கேட்கவில்லை. பெரியவர் குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தட்டினார்.

“பாப்பாவுக்கு எந்த ஊரு?”

குழந்தை பூசணிக்காயைப் பிடித்து நக்கியது.

கண்டக்டர் எனக்குப் பத்து ரூபாய் பாக்கி தர வேண்டும். டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்திருந்தார். எழுமலை நெருங்கியதும் நீட்டினேன். பையைக் குலுக்கிக் காட்டி, “சில்லறையே சேரலண்ணே” என்றார். பெரியவர் இதற்குத்தான் காத்திருந்ததுபோல் நிமிர்ந்தார். “தம்பி ஊரைச் சொல்ல மாட்டேங்கிறாருய்யா.”

“அடடா, சொல்லுங்கண்ணே” என்றார் கண்டக்டர். “எந்த ஊரு, யாரு மகன்னு சொன்னீங்கன்னா, அந்தப் பக்கம் போற யாருகிட்டயாச்சும் குடுத்து விட்டுர்றேன்.”

முன்னால் இருந்த இரண்டு தலைகளும் திரும்பின. குழந்தையைக் கொடுத்துவிட்டு, பத்து ரூபாயை அவருக்கே விட்டுவிட்டு, வண்டி நிற்கும் முன்பே படிக்கு வந்து குதித்து இறங்கினேன்.

பூசணிக்காயோடு பெரியவரும் இறங்கினார். “நல்லதாப் போச்சு தம்பி. இங்க யாரு வீட்டுக்கு?”