முட்டை இல்லாத காலை

நாமக்கல்லில் ஒரு வீட்டில் காலை நேரத்தில் முட்டை இல்லை என்றால், ஒன்று அது புரட்டாசி மாதமாக இருக்கும், இல்லாவிட்டால் அந்த வீட்டில் யாருக்கோ பரீட்சையாக இருக்கும். 2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் இல்லை. மகளுக்கு நீட்.

"முட்டையக் கண்ணுலயே காட்டாதீங்க, மார்க்கும் அப்படியே வந்துரும்" என்று முதல் நாள் சாயங்காலமே என் மாமியார் உத்தரவு போட்டுவிட்டார். ஃபிரிட்ஜ் கதவில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஒன்பது முட்டைகளும் பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தன. ஊரே கோழிப்பண்ணையில் பிழைக்கிறது. சத்துணவுத் தட்டுக்கு முட்டை அனுப்புகிறது. அப்படிப்பட்ட ஊரில் முட்டைக்கே ஊரடங்கு.

மகள் மட்டும் நிதானமாகச் சொன்னாள். "அம்மிச்சி, இதுல முட்டை வாங்குனாக்கூடத் தப்பிச்சுக்கலாங்க. 180 கேள்வி. சரியா எழுதுனா நாலு மார்க்கு, தப்பா எழுதுனா இருக்கிறதுல ஒண்ணப் புடுங்கிக்குவாங்க. முட்டைக்கும் கீழ போலாம்."

மாமியார் மலைத்துப்போனார். "முட்டைக்குக் கீழ என்ன கண்ணு இருக்குது?"

"கோழி எரு" என்றேன் நான். இரண்டு பேரும் முறைத்தார்கள். அன்று நான் பேசிய பேச்சுகளில் அது ஒன்றுதான் உண்மை.

நான் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். ஆர்.சி., எஃப்.சி., இன்ஷூரன்ஸ், பெர்மிட் இவற்றில் ஒன்று குறைந்தாலும் செக்போஸ்ட்டில் வண்டி நின்றுவிடும் என்று டிரைவர்களுக்குப் பாடம் எடுத்தே தலை நரைத்தவன். மகளை மட்டும் சும்மா விடுவேனா? ஹால் டிக்கெட், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, போஸ்ட்கார்டு சைஸ் போட்டோ, ஆதார் என்று ஐந்து தடவை சரிபார்த்தேன். ஐந்தாவது தடவை ஹால் டிக்கெட்டைக் காணோம். பீரோவைக் கவிழ்த்தோம். மெத்தையைத் தூக்கினோம். மாமியார் குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தார். கரண்ட் போயிருந்த நேரம் அது. நான் எதை வைத்து விசிறிக்கொண்டிருந்தேன் என்பதை மகள்தான் கண்டுபிடித்தாள்.

அரைக்கை உடுப்புதான் போட வேண்டும். ஷூ கூடாது, செருப்புதான். கம்மல் கூடாது, வாட்ச் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பேனா கொண்டுபோகக் கூடாது; அதையும் அங்கேயே தருவார்கள். இந்த விவரம் தெரிவதற்கு முன்பே என் மாமனார் புதுப்பேனா ஒன்று வாங்கி, பதினெட்டு அடி உயர ஆஞ்சநேயர் சந்நிதியில் வைத்துப் பூஜை செய்து கொண்டுவந்துவிட்டார். வீணாக்கக் கூடாதல்லவா? இந்தக் கட்டுரையை அந்தப் பேனாவில்தான் எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணிக்குள் பதினேழு போன். சேலத்து அத்தையில் தொடங்கி ராசிபுரத்துச் சித்தப்பா வரைக்கும் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "புள்ளைய யாரும் டென்ஷன் பண்ணாதீங்க. எங்க, போன அவகிட்டக் குடுங்க, நான் சொல்றேன்."

அவர்களைக் குறை சொல்ல முடியாது. பரீட்சையைப் பயிரிட்டே வளர்ந்த பூமி இது. மருத்துவப் படிப்புக்கு 2006 வரை மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்றார்கள். அந்தப் பத்து வருடமும் தமிழ்நாட்டின் நாலா மூலையிலிருந்தும் பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் வந்து இறங்கினார்கள். 2017இல் நீட் வந்தது; வாசல் போர்டுகளில் அந்தப் பெயர் ஏறியது. பாடத்திட்டம் மாறாமல் இருப்பது பெற்றோரின் பதற்றத்துக்கு மட்டும்தான்.

இரண்டு மணிக்குப் பரீட்சை. ஒன்றரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். நாங்கள் பத்தரைக்கே போய் நின்றோம். முதல் நாள் சாயங்காலம் ஒத்திகையாக ஒருதரம் போய்விட்டும் வந்திருந்தோம். கேட்டுக்குள் போனவளைச் சோதனையிட்டவர்கள், அம்மிச்சி கட்டிவிட்ட மந்திரித்த கயிற்றைக் கழற்றச் சொன்னார்கள். திரும்பி வந்து கயிற்றை என் கையில் கொடுத்தாள். 'பதறாதே, தெரிந்த கேள்வியை முதலில் எழுது, மூச்சை இழுத்து விடு' என்று மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த உபதேசத்துக்காக வாயைத் திறந்தேன்.

"அப்பா, கை நடுங்குது உங்களுக்கு. நெழல்ல போய் ஒக்காருங்க. மூச்ச இழுத்து விடுங்க" என்றாள். போய்விட்டாள்.

நிழல் எங்கே இருக்கிறது? அன்றைக்குத்தான் அக்னி நட்சத்திரம் ஆரம்பம். இருந்த ஒரே புளியமரத்தடியில் எனக்கு முன்னே வந்தவர்கள் துண்டு விரித்திருந்தார்கள். தலைக்கு மேல் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்பது எங்கள் ஊர் ஆஞ்சநேயருக்கு மட்டும் உரியது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்றைக்கு அவரைப் போல முந்நூறு பேர் நின்றோம். அவருக்காவது வடைமாலை உண்டு.

ஐந்து மணிக்குக் கேட் திறந்தது. அந்த வருடம் இயற்பியல் பிள்ளைகளைப் பிழிந்துவிட்டது. கண் கலங்கி வந்தவர்கள்தான் அதிகம். என் மகள் தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"எப்படி கண்ணு எழுதுன?"

"தெரிஞ்சத எழுதுனேன், தெரியாதத விட்டுட்டேன். பசிக்குதுப்பா. முட்டை தோசை வேணும்."

இரண்டு சாப்பிட்டாள்.

அடுத்த மே மாதம் உங்கள் வீட்டிலும் யாராவது எழுதலாம். தேர்வு மையத்தை முதல் நாளே பார்த்து வாருங்கள். காகிதங்களை ஒரே ஒரு தடவை சரிபாருங்கள். போனை அணைத்து வையுங்கள். பிள்ளைக்குப் புத்தி சொல்ல வேண்டாம். மூன்று மணி நேரம் நிதானமாக உட்கார அவர்களுக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு குடை எடுத்துப் போங்கள்.