தண்ணீர்ச் செம்பு

சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் கேதம் என்றால் அப்பத்தாவுக்குத்தான் முதலில் ஆள் வரும். தெருமுனையிலேயே குரலெடுத்துவிடுவாள். பந்தலுக்குள் பெண்கள் விலகி இடம் விடுவார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, தலையோடு தலை சாய்த்து ஆடியபடி அழுவார்கள். அப்பத்தா ஒப்பு வைத்து ஓர் அடி சொல்லி இழுப்பாள். அந்த இழுவையில் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

எட்டு வயதில் எனக்கு ஒன்று விளங்கவில்லை. செத்தது எதிர்வீட்டுத் தாத்தா. அப்பத்தா பாடியதோ, வைசூரியில் போன தன் மூத்த மகனை. பக்கத்தில் இருந்தவள் பாடியது, தன்னைத் தள்ளி வைத்த புருஷனை. தாத்தாவின் மகள், நிலத்தில் பங்கு தராத அண்ணனை அவன் காதுபடவே பாட்டில் கேட்டாள். அவன் தலை நிமிரவில்லை. வேறொரு நாள் அதைப் பேசியிருந்தால் அடி விழுந்திருக்கும். ஒப்பாரியில் சொன்னதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

அழுது ஓய்ந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, வரக்காப்பி குடித்து, வெற்றிலை மடித்தபடி மழையைப் பற்றிப் பேசுவார்கள். நடிப்பு என்றே நினைத்தேன். இசபெல் கிளார்க்-டெசெஸ் என்ற மானுடவியலாளர் தமிழ்க் கிராமத்து ஒப்பாரிகளை ஆராய்ந்து 2005இல் ஒரு நூல் எழுதினார். செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பது அதன் தலைப்பின் பொருள். அதைப் பார்த்தபோது அந்தப் பந்தல்தான் கண்ணில் நின்றது.

போன வருஷம் மதுரையில் அப்பா இறந்தார். வாசலில் வாடகை நாற்காலிகள், கூடத்தில் ஐஸ் பெட்டி. ஒலிபெருக்கியில் யாரோ பாடிப் பதிந்த ஒப்பாரி ஓடியது. அதில் அப்பா பேர் இல்லை. அம்மா அவரோடு வாழ்ந்த 52 வருஷமும் இல்லை. அம்மா வாய்விட்டு இரண்டு அடி எடுத்தாள். “அழாதம்மா, பிரஷர் ஏறிடும்” என்று தண்ணீர்ச் செம்பை நீட்டியது நான்தான். குடித்துவிட்டு அடங்கிப்போனாள். அதன்பிறகு நாலு மாதம் அவளுக்குச் சரியான தூக்கமில்லை. மாத்திரை வாங்கிக் கொடுத்தோம்.

அப்புறம் ஊரில் பெரிய அத்தை கேதத்துக்குப் போனோம். வாசலில் இறங்கியதுமே இரண்டு கிழவிகள் அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். அம்மா அரை மணி நேரம் பாடினாள், அப்பத்தாவின் அதே இழுவை. அப்பா குடித்துத் திரிந்த காலம், அடகுக்குப் போய்த் திரும்பாத தாலிக்கொடி, கடைசி ராத்திரி அவர் விடாமல் பிடித்திருந்த அவள் விரல்கள். இதில் எதையும் அதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. அன்று திண்ணையில் கோரைப்பாயில் படுத்தவள் விடிந்த பிறகுதான் எழுந்தாள்.

உங்கள் வீட்டுக் கேதத்தில் யாராவது குரலெடுத்தால் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.