நாடிக்குக் கவசம்

கேள்வி: கொரோனாக் காலத்தில் பொலிசாரைக் கண்டதும் நாடியிலிருந்து மூக்குக்கு ஏறி, சந்தி கடந்ததும் மறுபடி நாடிக்கு இறங்கிவிட்ட முகக்கவசத்தைப் பற்றித் தங்கள் அபிப்பிராயம் என்ன? (கோண்டாவில் வாசகர்)

பதில்: பெரியவரைக் கண்டால் தோளிலிருந்த சால்வை அரைக்கு இறங்கியது அக்காலம், காக்கிச் சட்டையைக் கண்டால் நாடியிலிருந்த துணி மூக்குக்கு ஏறியது கொரோனாக் காலம், இரண்டும் மரியாதையே. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 2020 ஒக்டோபர் 15ஆந் திகதி பிரசுரமான வர்த்தமானி, பொது இடத்தில் முகக்கவசம் அணியாதோருக்குப் 10,000 ரூபா வரை தண்டமும் ஆறு மாதம் வரை மறியலும் உண்டென்று அச்சுறுத்தியதாயினும், நம்மவர் அதனைப் பொலிசாருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் செலுத்தவேண்டிய உபசாரமாகவே விளங்கிக்கொண்டனர். கிருமியோ காக்கி அணிவதில்லை.

கேள்வி: வைத்தியர்கள் முதலில் முகக்கவசம் வேண்டாம் என்றார்கள்; பின்பு வேண்டும் என்றார்கள். எதை நம்புவது? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: பின்பு சொன்னதை. நோய்க்குறி தோன்றாதவரும் நோயைப் பரப்புவர் என்பதற்குச் சான்றுகள் சேர்ந்த பிறகு, உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் 5ஆந் திகதி தன் ஆலோசனையைத் திருத்திக்கொண்டது. திருத்திக்கொள்ளாத சாஸ்திரம் சோதிடம் ஒன்றே. ஆயினும் ஒரு பழைய சரித்திரத்தைக் கேளுங்கள். மஞ்சூரியாவிலே 1910ஆம் ஆண்டின் இறுதியில் கொள்ளைநோய் பரவியபோது, பினாங்கிலே பிறந்த வூ லியன் தே என்னும் இளம் வைத்தியர், இது எலியால் வருவதன்று, மனிதருடைய சுவாசத்தால் வருவது என்று துணிந்து, பஞ்சும் சல்லாத்துணியும் கொண்டு முகக்கவசம் அமைத்து அணியச் சொன்னார். அவரைவிட மூத்தவரான மெஸ்னி என்னும் பிரெஞ்சு வைத்தியர், சிறுவன் சொல் அம்பலம் ஏறுமோ என்றெண்ணினார் போலும், வெறும் முகத்தோடு நோயாளரைப் பரிசோதித்தார். சில தினங்களில் மாண்டார். அதன் பின்னர் அங்கு முகக்கவசத்தைப் பற்றி எவரும் தர்க்கிக்கவில்லை.

கேள்வி: நல்லூர்க் கந்தன் முன் முகத்தை மூடலாமா? (காரைநகர் வாசகர்)

பதில்: மேற்சட்டையைக் களைந்தும் முகக்கவசத்தைக் களையாமலும் ஆடவர் நின்ற விநோதக் காட்சியை 2020ஆம் ஆண்டுத் திருவிழாவிலே கந்தன் கண்டுவிட்டான். ஆறு முகமுடையவனே ஆட்சேபிக்கவில்லை. ஒரு முகமுடைய நமக்கென்ன?

கேள்வி: வெயிலில் மூச்சு முட்டுகிறது. மூக்கை மட்டும் வெளியே விடலாமா?

பதில்: தாராளமாக விடலாம், வீட்டில் தனியே இருக்கும்போது.

கேள்வி: செத்தவீட்டுக்கு மாஸ்க்கோடு போனால், “என்ன தம்பி, எங்களுக்கு வருத்தம் எண்டு நினைச்சியோ?” என்று மாமி கோபிக்கிறா. என்ன செய்ய? (சுன்னாகம் வாசகர்)

பதில்: வந்த கேள்விகளுள் இதுவே கனமானது. றோட்டில் போகும் அந்நியனுக்கு அஞ்சி அணிந்துகொள்வதையும், உறவினர் வீட்டுப் படலையைத் திறந்ததும் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பதையும் நாம் பண்பென்று கருதுகிறோம். நோயோ அந்நியரைக் காட்டிலும், பக்கத்திலிருந்து பேசிப் பழகுகின்ற சொந்தக்காரர் வழியாகவே வெகு சுகமாகப் பிரயாணம் செய்கிறது. 2020 மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் முதன்முதலாக இனங்காணப்பட்ட கொரோனாத் தொற்றும், அரியாலைக்கு வந்து ஆராதனை நடத்திய ஒரு போதகரோடு நெருங்கிப் பழகியவருக்கே ஏற்பட்டது. ஆகையால் கட்டிப்பிடித்து அழுவதை ஒத்திவைத்து, முற்றத்தில் நின்று, மூக்கையும் மூடியபடியே துக்கம் விசாரித்து வாருங்கள். மாமி கோபித்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். கோபத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.