தின்னா, திக்கா?

மருமவனே, ராத்திரி பூரா போன்ல ‘தின்னு, திக்கு’ன்னு கத்துனியே, திண்ணையில கெடந்த எனக்கே பாதி புரிஞ்சிட்டு. 2011-ல மத்தளம்பாறைக்கு ஜோஹோ வந்ததுலேருந்து இந்தப் பக்கம் ஆடு மேய்க்கவங்கூட சர்வரைப் பத்திப் பேசுதான். நான் பேசக்கூடாதாக்கும்?

குத்தாலத்துல லாட்ஜ் கணக்கு எழுதுனவன்லா நான். ரூம் பத்து, சாரல் சீசனுக்கு முப்பது குடும்பத்துக்கிட்ட அட்வான்ஸ். எல்லாரும் ஒரே நாள்லயா வந்துருவாங்கன்னு முதலாளிக்குத் தைரியம். சர்வர் டிஸ்க்குல அதான்டே உன் தின். நூறு ஜிபின்னு வாக்குக் குடுக்கும். பத்து எழுதுனா பத்துக்குத்தான் இடம். திக்குன்னா ஆளு வந்தாலும் வராட்டாலும் சாவி அவம் பேர்ல. அதுலயும் ரெண்டு தினுசு. ‘லேசி ஜீரோ’ ஆளு வந்து நின்னப்புறம் ரூமைப் பெருக்கும். ‘ஈகர் ஜீரோ’ முன்கூட்டியே கழுவி வச்சிரும். டிஸ்க் உண்டாக்கத்தான் நேரம் பிடிக்கும்.

நீ வச்சிருக்க ஸ்டோரேஜ், விஎம்வேரோட விசான்ல டீஃபால்ட் பாலிசியே தின்தான்: ஆப்ஜெக்ட் ஸ்பேஸ் ரிசர்வேஷன் சைபர். நீயா யோசிச்சு வச்சே? ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’னு அமுக்குனே, அம்புட்டுத்தான். அதே டீஃபால்ட் எதையும் ரெண்டு காப்பியா எழுதும்; நூறு ஜிபி நெறைஞ்சா எரநூறு போச்சு. அதைக் கணக்குல சேத்தியாலே? இம்புட்டுச் சிக்கனம் பேசுத விசான், ஸ்வாப் ஃபைலுக்கு மட்டும் முழு எடத்தையும் வளைச்சுப் போட்டுக்கிட்டு இருந்துச்சு! 2018-ல 6.7 வந்தப்புறந்தான் அதையும் தின்னாக்குனான்.

தின்னைக் குத்தம் சொல்லல. டேட்டாபேஸுக்கு மட்டும் ரிசர்வேஷனை நூறு சதவீதம் போடு, மத்தது தின்லயே கெடக்கட்டும். ஆனா மாசக் கடைசிக் கணக்கு, பேக்கப், ஸ்னாப்ஷாட் எல்லாம் ஒரே ராத்திரியில பெட்டியோட வந்து நின்னா, எழுத எடம் கேட்ட மெஷினெல்லாம் நட்ட நடுவுல நின்னு போவும். அப்பப் போயி ஃபைலை அழிப்பே. அழிச்ச எடம் உடனே திரும்பாதுடே. ரூமைக் காலி பண்ணுனவன் சாவியைக் கொண்டு போயிட்டாம்லா. பழைய விசான்னா, அந்தச் சாவியைத் திருப்பி வாங்குத அன்மேப்பை நீயேதான் போட்டு விடணும்.

இதையெல்லாம் மேய்க்குத விசென்டர்ல, எடம் 75 சதவீதம் நெறைஞ்சா மஞ்சளும் 85-க்குச் சிவப்பும் தானா எரியுமாமே. சரி, எரியட்டும். ஞாயித்துக்கெழமை நீ ஐந்தருவியில தலையைக் குடுத்துக்கிட்டு நிக்கையில, அந்த மஞ்சளை யாரு பாப்பா? மெயில் வரணும்னா தனியாச் சொல்லி வைக்கணுமாம். சொல்லி வச்சியா, இல்ல அதுக்கும் ‘நெக்ஸ்ட்’டா?