மிச்சம் பிடித்த குற்றத்துக்கு

டிசம்பர் 14 பிறந்தால் போதும், மின்வாரியத்துக்குச் சிக்கனத்தின் மேல் காதல் பொங்கிவிடும். தேசிய எரிசக்தி சேமிப்பு நாளாம். அன்று தொடங்கி 20ஆம் தேதி வரை விழா. பள்ளிப் பிள்ளைகள் பதாகை தூக்கி ஊர்வலம் போவார்கள். ஓவியப் போட்டி நடக்கும். மின்விசிறியை அணைக்கச் சொல்லித் துண்டுச்சீட்டு வரும். ஏழாம் வகுப்புப் பிள்ளை வரைந்த பச்சை பல்புக்குப் பரிசு உண்டு, சான்றிதழ் உண்டு, படம் எடுத்துக்கொள்ள ஒரு செயற்பொறியாளரும் உண்டு. நிஜமாகவே வருடத்துக்கு ஒரு லட்சம் யூனிட்டை மிச்சம் பிடித்துக் காட்டும் மருத்துவமனைக்கு என்ன உண்டு?

முகப்பேரில் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு ஏற்ற ஊர் அது. மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் இருக்கும் ஊர். இதய அறுவைக்கென்று வெளிமாநிலங்களிலிருந்தும் ஆட்கள் பெட்டியோடு வந்து இறங்கும் ஊர். கிழக்கு, மேற்கு, நொளம்பூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கிளினிக், ஒரு ஸ்கேன் சென்டர், வாசலில் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு ஜெனரேட்டர். இந்த ஊரில் ஏதாவதொரு மருத்துவமனையின் பராமரிப்புப் பொறியாளரைப் பிடித்து, கரண்ட் எங்கே போகிறது என்று கேளுங்கள். மாடியில் நிற்கும் சில்லர் என்னும் குளிரூட்டும் இயந்திரத்தைக் காட்டுவார். மருத்துவமனை மின்சாரத்தில் பெரும்பங்கை விழுங்குவது குளிரூட்டல்தான். அறுவை அரங்கில் மணிக்கு 20 தடவையாவது காற்று மாற வேண்டும் என்பது மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஎச் அமைப்பின் விதி. கத்தி பிடிக்கும் நேரத்தில் அது வேண்டியதுதான். ஆளில்லாத அரங்கில் ராத்திரி மூன்று மணிக்கும் அதே வேகம் எதற்கு? காற்றாடி மோட்டாருக்கு வேகத்தைக் குறைக்கும் டிரைவ் ஒன்றை மாட்டி 20 சதவீதம் வேகத்தைத் தணித்தால், அது இழுக்கும் மின்சாரம் பாதியாகிவிடும். இது மந்திரம் இல்லை, பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு.

அந்தக் கணக்கை நம்பி ஒரு நிர்வாகம் கடன் வாங்கி டிரைவ் மாட்டுகிறது, பழைய சில்லர் இயந்திரத்தைக் கழற்றிப் புதியது வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சம் இவ்வளவு இழுக்கலாம் என்று வாரியத்தோடு போட்ட ஒப்பந்தம் 500 கேவிஏ. வேலை முடிந்த பிறகு உச்சத் தேவை 330க்கு இறங்கிவிட்டது. நிர்வாகம் லட்டு வாங்கிக் கொடுக்கிறது. மாதக் கடைசியில் பில் வருகிறது. தேவைக் கட்டணம் 450 கேவிஏவுக்கு! உயர் அழுத்த இணைப்பில் நீங்கள் எவ்வளவு குறைத்தாலும், ஒப்பந்த அளவில் 90 சதவீதத்துக்குக் கட்டியே ஆக வேண்டும். கேவிஏவுக்கு 600 ரூபாய் என்று போட்டாலும், தொடாத 120 கேவிஏவுக்கு மாதம் 72,000 ரூபாய் தட்சணை. அதே மருத்துவமனை தவறி 500ஐத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு இரண்டு மடங்கு. கூடினால் குட்டு, குறைந்தாலும் குட்டு. எவ்வளவு நடுநிலை!

ஒப்பந்த அளவையே குறைக்கச் சொல்லி மனு கொடுக்கலாமே என்பார்கள். கொடுக்கலாம். இரண்டு வருடம் கழித்து ஒரு எம்ஆர்ஐ வாங்கினால், விட்டுக்கொடுத்த அதே கேவிஏவுக்கு மறுபடியும் வளர்ச்சிக் கட்டணம் கட்டி வரிசையில் நிற்கலாம். இதைத் தெரிந்துகொண்ட எந்தக் கணக்காளர் சிக்கனத்துக்குக் கையெழுத்துப் போடுவார்?

வாரியத்தின் ஞானத்தை இதோடு அளந்துவிடக் கூடாது. இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கான பவர் ஃபேக்டர் 0.90க்குக் கீழே போனால் இழப்பீட்டுக் கட்டணம் உண்டு. கெபாசிட்டர் மாட்டி 0.99க்கு ஏற்றினால்? ஏற்றியதற்கு நன்றி, போய் வாருங்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ மருத்துவமனைக் கட்டடங்களுக்கும் நட்சத்திரம் வழங்குகிறது. அதை ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளலாம், நம் கட்டணப் பட்டியலில் அந்த நட்சத்திரத்துக்கு ஒரு பைசா கழிவு கிடையாது. வீட்டு மாடியில் சோலார் போட்டால் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம். மருத்துவமனை மாடியில் போட்டால் மானியம் இல்லை. சொந்தக் கூரையில் சொந்தக் காசில் எடுத்த மின்சாரத்துக்கு நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வெயிலுக்கு மீட்டர் மாட்டிய பெருமை தமிழ்நாட்டுக்கு வாய்த்தது. சிறுதொழில்காரர்கள் தெருவுக்கு வந்து கத்திய பிறகுதான் அவர்களுக்காவது அது இறங்கியது. நோயாளிகள் ட்ரிப்ஸ் பாட்டிலோடு தெருவுக்கு வர முடியாது, பாருங்கள்.

அதைவிட ருசியானது கட்டண வகைப்பாடு. மீனைக் குளிரவைக்கும் குளிர்பதனக் கிடங்கு தொழிற்சாலை. அதற்குத் தொழில் கட்டணம். ரத்தத்தைக் குளிரவைக்கும் தனியார் மருத்துவமனை வணிகம். அதற்கு ஷாப்பிங் மால் கட்டணம். எல்லோருக்கும் முழுக்க இலவசமாக வைத்தியம் பார்த்தால்தான் அரசு மருத்துவமனைகளோடு சேர்த்துச் சலுகை. நடுவில் இருப்பவர்கள், பத்துப் படுக்கை வைத்து நூறு ரூபாய்க்கு ஊசி போடுகிற தெருமுனை டாக்டர் உட்பட, நகைக்கடை இனம். மகாராஷ்டிரத்தில் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பொதுச் சேவை என்று தனி வகையே வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் முட்டாள்தனம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். தெளிவான கணக்கு இருக்கிறது. நொளம்பூரில் மூன்று ஏசி ஓடும் பங்களாவுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசம். அதன் சுமையை இழுப்பவர்களில் வணிகக் கட்டணக்காரரும் ஒருவர். அவர் சேமிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் வாரியத்துக்கு வருமான இழப்பு. ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல் நட்டத்தைத் தலையில் சுமப்பவர், நன்றாகக் கட்டும் வாடிக்கையாளருக்கே குறைவாக வாங்கும் வித்தையைச் சொல்லிக்கொடுப்பாரா? சாராயக் கடைக்காரரிடம் மதுவிலக்குப் பிரச்சாரத்தை ஒப்படைத்த கதை இது.

அந்தக் கணக்கிலும் பாதிதான் தெரிகிறது வாரியத்துக்கு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படிப்பட்ட கோடையில், சூரியன் போன பிறகு, சந்தையில் யூனிட் 10 ரூபாய் வரை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு மருத்துவமனை தன் சுமையை இறக்கினால் வாரியத்துக்கு லாபம். அந்த லாபத்தில் பாதியை அதற்கே கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்? கலிபோர்னியாவில் 1982லேயே மின்நிறுவனத்தின் வருமானத்தை அது விற்கும் யூனிட்டிலிருந்து பிரித்துவிட்டார்கள். குறைவாக விற்றாலும் நட்டம் இல்லை என்றான பிறகு, நிறுவனங்களே மருத்துவமனைக் கதவைத் தட்டிப் பழைய மோட்டாரை மாற்றப் பணம் கொடுக்கின்றன.

மருத்துவமனை முதலாளிகளைத் தியாகிகள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மேற்கு வெயில் நேராக அடிக்கும் பக்கத்தில் நாலு மாடிக்குக் கண்ணாடி ஒட்டி, அந்தச் சூட்டை ஏசி வைத்து விரட்டும் அறிவு அவர்களுடையது. வரவேற்பறையை 18 டிகிரியில் உறையவைத்து, டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் அம்மாவைச் சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொள்ளவைக்கும் தாராளம் அவர்களுடையது. அவர்களுக்கு என்ன வலி? பில் ஏறினால் அறை வாடகை ஏறும். அறை வாடகையைக் கட்டுவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர். ஒருவர் சேமிப்பைத் தண்டிக்கிறார், இன்னொருவர் விரயத்தைக் கைமாற்றிவிடுகிறார். நடுவில் படுத்திருப்பவரின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது.

அரசு மருத்துவமனைக்கோ கட்டணம் குறைவு. சேமித்தாலும் மிச்சம் அந்த வார்டுக்குத் திரும்பி வராது. ஆனால் சுமை குறைந்தால் இருக்கிற ஜெனரேட்டர் கூடுதல் நேரம் தாங்கும் என்பதாவது யாருக்காவது உறைக்க வேண்டாமா? 2019 மே 7 மாலை மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் கரண்ட் போனது, ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்கள் இறந்தார்கள். மின்தடை காரணமில்லை என்றது நிர்வாகம். நம் ஊரில் மின்தடை ஒருபோதும் எதற்கும் காரணமாக இருந்ததில்லை.

ஏறுவதற்கு மட்டும் விதி தெளிவாக இருக்கிறது. ஜூலை வந்தால் விலைவாசிக் குறியீட்டைக் காட்டிக் கட்டணம் ஏறும். 2023இல் 2.18 சதவீதம், 2024இல் 4.83, 2025இல் 3.16. அதற்கு மருத்துவமனை மனுப் போட வேண்டாம், அலைய வேண்டாம். இறங்குவதற்கும் ஒரு பத்தி எழுதலாமே! தேவையைத் தணிப்பதற்கென்று மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2013இலேயே தனி விதிமுறை கொண்டுவந்தது. அதில் இந்தப் பத்தியைச் சேர்க்கட்டும்: உச்ச நேரத்தில் சுமையைக் குறைத்துக் காட்டும் மருத்துவமனைக்கு யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் கழிவு, அந்தக் கழிவு நோயாளி பில்லில் தெரிய வேண்டும், உண்மையாகக் குறைத்தவருக்கு 90 சதவீதக் கட்டாயம் கிடையாது. இவ்வளவுதான். எழுத அரைமணி நேரமும் ஒரு தாளும் போதும். 2013இலிருந்து தாள் கிடைக்கவில்லையா, ஐயா?